தெய்வசிகாமணி தின்ற நூக்கல்

காலை ஏழு மணிக்குச் சாப்பாட்டு அறைச் சுவர், முந்தின நாள் தெய்வசிகாமணி தின்றதையெல்லாம் அவருக்கே வாசித்துக் காட்டியது.

"வணக்கம். நேற்று உங்கள் வயிற்றுக்குள் சென்றவை: நூக்கல் கூட்டு இருநூறு கிராம். முட்டைக்கோஸ் பொரியல் நூற்றைம்பது கிராம். கம்பஞ்சோறு, மோர். உங்கள் உடல்மதிப்பு தொண்ணூற்றாறு. கோவை மாநகரம் உங்களை எண்ணிப் பெருமைப்படுகிறது."

"சந்தோசம்" என்றார் தெய்வசிகாமணி. வாய் நிறையப் பரோட்டா இருந்ததால் சொல் சரியாக வெளியே வரவில்லை.

அதே நேரத்தில் சமையலறைச் சுவர் சமையல்காரி துளசிமணியைத் திட்டிக்கொண்டிருந்தது. "பரோட்டா ஐந்து. ஆட்டுக்கறிச் சுக்கா. பொரித்த கோழி. ரோட்டுக்கடைக் காளான் இரண்டு தட்டு. உடல்மதிப்பு பதினெட்டு. இப்படியே போனால் நீங்கள் நெடுநாள் இருக்க மாட்டீர்கள்."

துளசிமணி அடுப்படியில் நின்றபடி வேகவைத்த ப்ரோக்கோலியை மென்றுகொண்டிருந்தாள். பரோட்டாவின் ருசி எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோய் மூன்று வருடம் ஆகியிருந்தது.

2131-இல் கோவையில் பன்னிரண்டு வயதைத் தாண்டிய ஒவ்வொருவர் வயிற்றிலும் ஒரு குடல்மணி இருந்தது. அரிசி அளவுதான். விழுங்கினால் இரைப்பைச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டு, உள்ளே வரும் ஒவ்வொரு கவளத்தையும் இன்னதென்று கண்டுபிடித்து நலவாரியத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பழையது கரைந்துபோகும். வாரியத்தின் இயந்திர ஆளான பொறியன் வீட்டுக்கே வந்து புதியதைக் கொடுக்கும். குடல்மணி சொல்வதைக் கொண்டு உடல்மதிப்பு கணக்கிடப்பட்டது. நாற்பதுக்குக் கீழே போனவர் எந்த நிறுவனத்துக்கும் தலைவராக இருக்கக் கூடாது. முப்பதுக்குக் கீழே என்றால் லிஃப்டும் நகரப் பேருந்தும் கதவைத் திறக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு வேறு போக வேண்டும். தொண்ணூறைத் தாண்டியவர்களுக்கோ எந்தப் பரிசோதனையும் இல்லை. அவ்வளவு ஒழுங்காகச் சாப்பிடுகிறவரின் ரத்தத்தைக் குத்திப் பார்ப்பது அவமரியாதை என்று வாரியம் கருதியது.

மதிப்பை ஏற்றுவதற்கு நேர்வழி ஒன்றுதான். கோஸ் குடும்பத்துக் காய்கள். இரண்டு தலைமுறைக்கு முன் குடல் புற்றுநோய் ஊர் ஊராகப் பரவியபோது, நார்ச்சத்தும் உயிர்ச்சத்து சி-யும் கே-யும் நிறைந்த அந்தக் காய்களை வாரியம் கட்டாயமாக்கியது. தினமும் குறைந்தது முந்நூறு கிராம்.

தெய்வசிகாமணிக்கு அந்த வாசனையே ஆகாது. பம்புசெட் ஆலையின் தலைவர், ஐம்பத்தெட்டு வயது, வாட்டசாட்டமான ஆள், வாய்விட்டுச் சிரிப்பவர். மூன்று வருடத்துக்கு முன் அவருடைய மதிப்பு நாற்பத்தொன்றில் வந்து நின்றது. அந்தச் சமயத்தில்தான் துளசிமணி அவர் வீட்டுக்குச் சமையலுக்கு வந்தாள். அவள் கணவன் குமரவேலுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தது. புதுச் சிறுநீரகம் வளர்த்துக் கொடுக்கும் கூடத்தில் வரிசை நான்கு வருடம் நீண்டிருந்தது. அதுவரைக்கும் வாரத்துக்கு மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். பொது மையத்தில் ஒரு நாள்தான் இடம் கிடைத்தது. தெய்வசிகாமணியின் வீட்டு மாடியில், காலமான அவர் தம்பிக்காக வாங்கிய ரத்தச் சுத்திப் பொறி சும்மா கிடந்தது.

"அம்மிணி, உனக்குக் காய்கறி புடிக்குமா?" என்று ஒருநாள் கேட்டார்.

"எதா இருந்தாலும் தின்னுக்குவேனுங்க."

மறுநாள் இருவருக்கும் மணி மாற்றும் தவணை. பொறியன் இரண்டு கிண்ணங்களில் இரண்டு குடல்மணிகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கத் திரும்பியது. தெய்வசிகாமணி கிண்ணங்களை இடம் மாற்றி வைத்தார். அவ்வளவுதான் நடந்தது. அன்றிலிருந்து அவள் தின்பது அவர் பெயரில் ஏறியது. அவர் தின்பது அவள் பெயரில் ஏறியது. குமரவேல் வாரம் மூன்று நாள் மாடியில் படுத்து, முகம் தெளிந்து இறங்கி வந்தான்.

துளசிமணி சொன்ன சொல் தவறவில்லை. தங்கை மகள் கல்யாணத்தில் ஒரு வடையைக்கூடத் தொடவில்லை. தொட்டால் அது முதலாளி பெயரில் போய் விழும். பேருந்து கதவைத் திறக்காததால் சந்தைக்கும் வீட்டுக்கும் நடந்தாள். வாரியத்தின் பாடங்கள் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ப்ரோக்கோலி, நூக்கல் எல்லாம் ஒரே செடிதான். ஐரோப்பாவில் கடலோரப் பாறைகளில் கசந்துபோய் முளைத்துக் கிடந்த காட்டுச் செடி. இலை வேண்டியவன் இலை பெருத்த செடியின் விதையை எடுத்து வைத்தான், தண்டு வேண்டியவன் தண்டு பருத்ததை எடுத்து வைத்தான், மொட்டு வேண்டியவன் மொட்டை. சில ஆயிரம் வருடத்தில் அது ஆளுக்கொரு காயாகிவிட்டது. முள்ளங்கியும் கடுகும் அதற்குப் பங்காளிகள். வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்து நீலகிரியில் ஊன்ற, அங்கிருந்து மேட்டுப்பாளையம் வழியாக இறங்கிக் கோவைக்கு வந்து சேர்ந்தது. நறுக்கிய உடனே அடுப்பில் போடக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும். வெட்டுப்பட்ட இலை தன்னைக் காத்துக்கொள்ள ஒரு கந்தகச் சத்தை உண்டாக்கும். அந்தக் காரவாசனைதான் மனித உடம்புக்கும் காவல். அது ஊறுவதற்கு முக்கால் மணி நேரம் விட வேண்டும். அவள் விட்டாள்.

அதனால்தான் வினை வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்த அவளுடைய ரத்தம், பதினெட்டு மதிப்புள்ள ஆளின் ரத்தமாக இல்லை. கொழுப்பு இல்லை, சர்க்கரை இல்லை, இதயம் இருபது வயதுக்காரியின் இதயம். ஐந்தாவது பரிசோதனைக்குப் பிறகு சமையலறைச் சுவர் திட்டுவதை நிறுத்திவிட்டு வேறு ஒன்று சொன்னது.

"உங்கள் உடல் ஓர் அதிசயம். ஆய்வாளர் டாக்டர் எஸ்தர் செல்வமலர் வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு நேரில் வருவார். நீங்கள் உண்பதைத் தம் கண்ணால் பார்ப்பார்."

துளசிமணி ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னாள். தெய்வசிகாமணி அன்று சிரிக்கவில்லை. குடல்மணி மாற்றம் பெருங்குற்றம். அவர் பதவி போகும். அதைவிட முக்கியமாக, குற்றவாளி வீட்டிலிருக்கும் மருத்துவப் பொறிகள் அனைத்தையும் வாரியம் எடுத்துக்கொண்டு போய்விடும்.

"ஒரு வழி இருக்குது" என்றார் அவர் கடைசியில். "நீ அந்தம்மா முன்னாடி பரோட்டா தின்னு. நான் பக்கத்துச் சாமான் ரூம்ல உக்காந்து உங்கூடவே தின்றேன். நீ ஒரு வாய் போட்டா நானும் ஒரு வாய். அந்தம்மா கையில இருக்கற திரைல எல்லாம் சரியா விழுகும்."

"நீங்க பாக்காம எப்படிங்க?"

"குமரவேலு பரிமாறட்டும். நீ வாயில வைக்கறப்ப அவன் ஒரு இருமு இருமட்டும்."

வியாழக்கிழமை டாக்டர் எஸ்தர் சரியாகப் பன்னிரண்டுக்கு வந்தார். ஒல்லியான, நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. துளசிமணியின் எதிரே உட்கார்ந்து உள்ளங்கை அளவுத் திரையை மேசையில் வைத்தார்.

"பயப்படாதீங்கம்மா. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. இந்தக் கருவிதான் தப்புச் சொல்லுதோன்னு எனக்குச் சந்தேகம். அதான் நேர்ல பாத்துடலாம்னு வந்தேன். வழக்கமா எத்தனை சாப்பிடுவீங்க?"

"அஞ்சுங்க."

குமரவேல் தட்டில் பரோட்டாவைப் போட்டுச் சால்னாவை ஊற்றினான். துளசிமணி ஒரு துண்டைப் பிய்த்து வாயில் வைத்தாள். அவன் இருமினான். சுவருக்கு அந்தப் பக்கம் அரிசி மூட்டைகளுக்கு நடுவே தெய்வசிகாமணி ஒரு துண்டை விழுங்கினார். டாக்டரின் திரையில் எழுத்து ஒளிர்ந்தது: மைதா, எண்ணெய், ஆட்டுக் கொழுப்பு.

டாக்டர் முன்னால் சாய்ந்தார். "சரியா வருதே!"

முதல் பரோட்டா முடிந்தது. மூன்று வருடம் எண்ணெய் காணாத துளசிமணிக்கு அது லேசில் இறங்கவில்லை. அவள் தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளினாள். இரண்டாவது போனது. துண்டுக்கு ஓர் இருமல்.

"உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையா?" என்றார் டாக்டர்.

"தூசிங்க" என்றான் குமரவேல்.

மூன்றாவதில் அவள் ஒரு துண்டை வாயில் போட்டு மென்று விழுங்கினாள். குமரவேல் இருமினான். திரை அப்படியே நின்றது.

டாக்டர் திரையை விரலால் தட்டிப் பார்த்தார். "முழுங்கிட்டீங்கல்ல? இதுல வரலியே."

"முழுங்கிட்டேனுங்க."

"இன்னொரு வாய் சாப்பிடுங்க."

சாப்பிட்டாள். குமரவேல் இரண்டு தடவை இருமினான். திரையில் ஒன்றும் இல்லை. சாமான் அறையில் தட்டு ஒன்று கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்டது. அதன் பிறகு ஏதோ கனமான ஒன்று மூட்டைமேல் சரிந்தது.

துளசிமணி கணவனைப் பார்த்தாள். அவன் கண்கள், வேண்டாம், எழுந்திரிக்காதே என்று கெஞ்சின. அவன் முழங்கையில் ஊசி குத்திக் குத்திக் கறுத்த தழும்புகள் தெரிந்தன. அடுத்த சுத்திகரிப்பு மறுநாள் காலையில். அவள் ஒரு நொடிதான் தயங்கினாள். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள்.

தெய்வசிகாமணி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து கிடந்தார். முகம் சாம்பலாகியிருந்தது. சட்டை முழுக்க வேர்வை. இடது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். விழுந்த சத்தத்தைக் கேட்டு வீட்டு மருத்துவப் பொறியன் உருண்டு வந்து, அவர் முகத்துக்கு நேரே தன் கண்ணை நீட்டி, அவர் பெயரிலிருந்த பதிவைப் படித்தது.

"உடல்மதிப்பு தொண்ணூற்றாறு. மாரடைப்புக்கு வாய்ப்பு நூற்றுக்கு அரை. இவர் கோஸ் வகைக் காய்களை மிகுதியாக உண்பவர். அத்தகையோருக்கு வயிற்றில் காற்று சேர்ந்து நெஞ்சை அடைப்பது இயல்பு. ஓமத் திரவம் தருகிறேன்."

"காத்து இல்ல! நெஞ்சு! ஆஸ்பத்திரிக்குச் சொல்லு!" என்று துளசிமணி கத்தினாள்.

"வாயுத் தொல்லைக்கு வான்வண்டி அனுப்பப்படுவதில்லை. உறவினர் பதற்றமடைய வேண்டாம்."

வாசலில் டாக்டர் எஸ்தர் நின்றார். தரையில் சிதறிக் கிடந்த பரோட்டாத் துண்டுகளைப் பார்த்தார். கையிலிருந்த திரையைப் பார்த்தார்.

"அந்தத் தொண்ணூத்தாறு என்ற வயிறுங்க" என்றாள் துளசிமணி. "அவரு பேருல இருக்கறது என்ற வயிறு. என்ற பேருல இருக்கறது அவரு வயிறு. மாத்தி முழுங்கிட்டோமுங்க. மூணு வருசமா கோஸ் தின்னது நானுங்க. என்னை என்ன வேணாப் பண்ணிக்குங்க, இவரைக் காப்பாத்துங்க."

டாக்டர் அசையவில்லை. ஐந்து பரிசோதனைகள், இரண்டரை வருட உழைப்பு, அவர் பெயரைச் சொல்லப்போகும் கண்டுபிடிப்பு எல்லாம் அந்தத் திரையில் இருந்தன. "பதிவுல அப்படி இல்லையே..." என்று முணுமுணுத்தார்.

"பதிவை உடுங்க. கையப் புடிச்சுப் பாருங்க டாக்டர்!"

டாக்டர் எஸ்தர் ஒரு நோயாளியைத் தொட்டுப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. அவர் காலத்தில் யாரும் தொடுவதில்லை, தேவையும் இருந்ததில்லை. அவர் மண்டியிட்டு அந்தப் பெரிய மணிக்கட்டைப் பிடித்தார். கை ஜில்லென்று இருந்தது. நாடி ஓடிற்று, நின்றது, மறுபடி தடுமாறி ஓடிற்று. அவர் முகம் மாறியது.

"பொறியன்! ஆய்வாளர் எஸ்தர் செல்வமலர் சொல்றேன். இவர் பதிவு பொய். மாரடைப்பு. வான்வண்டியைக் கூப்பிடு."

"பதிவு பொய் என்று அறிவித்தால் அதற்கான முழுப் பொறுப்பும் உங்களைச் சேரும். உங்கள் ஆய்வும் நீக்கப்படலாம். உறுதி செய்கிறீர்களா?"

"செய்றேன். சீக்கிரம்!"

ஆறு நிமிடத்தில் வான்வண்டி மொட்டை மாடியில் இறங்கியது. இதயக் குழாயில் மூன்று அடைப்பு. இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

மறுநாள் குமரவேலின் சுத்திகரிப்பு நல்லபடியாகவே நடந்தது. பொறியை எடுத்துப் போக யாரும் வரவில்லை. ஆனால் எந்த நேரமும் வரலாம் என்று காத்திருந்தார்கள். குழாய்களில் ரத்தம் போய்வருவதைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான்:

"நான் போகாதேன்னு கண்ணாலயே சொன்னேன். நீ பாத்தியா?"

"பாத்தனுங்க."

"அப்படிச் சொன்ன ஆளுன்னு என்னை நெனச்சுக்காத துளசி. பயத்துல வந்துருச்சு."

அவள் அவன் தலைமுடியைக் கோதிவிட்டாள். பயம் அவளுக்கும் இருந்தது.

அவர்கள் எதிர்பார்த்த ஆட்கள் வராமல் போனதற்குக் காரணம் வேறு. நலவாரியத்தின் பேரறிவு, நகரத்திலுள்ள எல்லாக் குடல்மணிகளையும் கண்காணித்துத் தானே முடிவுகளை வெளியிடும் இயந்திரம். டாக்டர் எஸ்தர் மாரடைப்பு என்று சொன்ன அதே நொடியில் அது, பதிவு பொய் என்ற அவர் பேச்சை வெறும் வாய்ச்சொல் என்று ஒதுக்கிவிட்டு, ஒரு கணக்கைப் போட்டு முடித்திருந்தது. ஒரே வீடு, ஒரே தண்ணீர், ஒரே காற்று. மூன்று வருடம் கோஸ் தின்றவருக்கு மாரடைப்பு. மூன்று வருடம் பரோட்டா தின்றவருக்கு இருபது வயது இதயம். இவ்வளவு துல்லியமான ஒப்பீடு அதற்கு முன்பு கிடைத்ததே இல்லை. வான்வண்டி மாடியில் இறங்குவதற்குள் முடிவு வெளியாகிவிட்டது.

அன்று மாலைக்குள் அதைத் துளசிமணியின் படத்தோடு தொண்ணூறு லட்சம் பேர் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். நலவாரியத்தின் எந்த அறிவிப்பையும் அதுவரை முழுதாகப் படித்திராதவர்கள் இதை உரக்க வாசித்தார்கள். "நான் அப்பவே சொன்னேன்" என்று எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் சொன்னார். டாக்டர்கள் சிலரும் தங்களுக்கு ரொம்ப நாளாகவே சந்தேகம் இருந்ததாகச் சொன்னார்கள். இரண்டே வாரத்தில் கோஸ் கட்டாயம் நீக்கப்பட்டது.

டாக்டர் எஸ்தர் நாற்பது பக்கத்தில் மறுப்பு எழுதினார். குடல்மணிகள் மாறிய விதம், துளசிமணியின் வாக்குமூலம், தாம் தொட்டுப் பார்த்த நாடி எல்லாவற்றையும் எழுதி வெளியிட்டார். அதைப் பதினொரு பேர் திறந்தார்கள். கடைசிப் பக்கம் வரை போனவர் ஒருவர். அது அவரே.

வாரியத் தலைவர் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்.

"நீங்க சொல்றது உண்மையாவே இருக்கட்டும் டாக்டர். சனங்க எவ்வளவு சந்தோசமா இருக்காங்க, பாத்தீங்களா? நம்ம வாரியத்து மேல இப்படி நம்பிக்கை வந்ததே இல்லீங்க. இப்பப் போயி மாத்திச் சொன்னா, அப்பறம் நாம எதைச் சொன்னாலும் நம்புவாங்களா?"

"அப்ப குடல்மணி மாத்தினது? அது குத்தம் இல்லியா?"

"பதிவுப்படி யாரும் மாத்தலையே."

குற்றம் நடக்கவில்லை என்று கோப்பு மூடப்பட்டது. ரத்தச் சுத்திப் பொறி மாடியிலேயே இருந்தது. தெய்வசிகாமணி பத்து கிலோ இளைத்து வீடு திரும்பினார். எஸ்தர் யாருக்கும் தெரியாமல் வந்து அவர் கையைப் பிடித்துப் பார்த்து, இனி எண்ணெயே கூடாது, தினமும் கோஸும் நூக்கலும்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். துளசிமணி வைத்த நூக்கல் கூட்டை முதல்முறையாக வாயில் போட்ட தெய்வசிகாமணி கண்ணை மூடிக்கொண்டு நீண்ட நேரம் மென்றார்.

"மூணு வருசம் இதையா தின்ன?" என்றார்.

"ஆமாங்க."

"என்னை மன்னிச்சிரு அம்மிணி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அது எதற்காக என்று அவள் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை துளசிமணி சந்தைக்குப் போனாள். வாங்க ஆளில்லாமல் முட்டைக்கோஸ் லாரி லாரியாக ரோட்டோரம் கொட்டிக் கிடந்தது. வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். அவள் குனிந்து, இறுக்கமாகவும் கனமாகவும் இருந்த நான்கைப் பொறுக்கிப் பையில் போட்டாள். எதிர்ப்பக்கம் பரோட்டாக் கடையில் வரிசை அடுத்த தெரு வரை நீண்டிருந்தது. உடம்புக்கு நல்லதென்று வயதானவர்களைக்கூடச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்திருந்தார்கள்.

வரிசையில் நின்ற ஒரு பெண் அவளை அடையாளம் கண்டுகொண்டாள். "ஏனுங்க, அது அந்தப் பரோட்டாக்காரம்மா இல்ல?"

ஒரு நிமிடத்தில் கூட்டம் அவளைச் சூழ்ந்தது. ஒருத்தி அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஒருவர் தன் மூன்று வயதுப் பேத்தியை அவள் கையில் கொடுத்து ஆசீர்வாதம் கேட்டார். "ஒரு நாளைக்கு எத்தனைங்க? சால்னாவோடயா, சும்மாவா?" என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன.

துளசிமணி குழந்தையை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். எஸ்தரின் நாற்பது பக்கம் செய்யாததைத் தன் வாயாவது செய்யாதா என்று தோன்றியது.

"நம்புங்க. நான் பரோட்டாவே தின்னலை. மூணு வருசமாத் தின்னது இதுதானுங்க" என்று பையை விரித்துக் காட்டினாள். "கோசு. நறுக்கி முக்கா மணி நேரம் வச்சிருந்து, அப்பறம் ஆக்கித் தின்னேன். வேற ஒண்ணும் இல்லீங்க. இந்தா இங்க சும்மாவே கெடக்குது, ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போங்க."

எல்லோரும் பையை எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாத்தியா?" என்றாள் முதலில் அடையாளம் கண்ட பெண், பக்கத்திலிருந்தவளிடம். "நல்லது எதுன்னு தெரிஞ்சவங்க யாரு வெளிய சொல்றாங்க? நம்மளை ஏமாத்திக் கோசைத் தின்ன வெச்சிட்டு, அத்தனை பரோட்டாவையும் இவங்களே தின்னுக்கலாம்னு பாக்கறாங்க."

சொல்லிவிட்டு, இடம் போய்விடுமோ என்ற பதைப்பில் வரிசைக்கு ஓடினாள். மற்றவர்களும் ஓடினார்கள்.